மண் ஜிமிக்கிக்கு விலை வைப்பது எப்படி?

சோழக் கடற்கரையிலிருந்து நகை விற்கப் புறப்பட்டவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் கோவலன். காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே பூம்புகாரில், பெரிய வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரைக்கு ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு போய் என்ன ஆனார் என்பது ஊரறிந்த கதை. பில் கிடையாது, தெரியாத ஊர், ஒரே ஒரு பொற்கொல்லரிடம் காட்டிவிட்டு அவர் இருக்கச் சொன்ன இடத்திலேயே இருந்தார். வணிகர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், யூடியூப் பார்த்துச் சுடுமண் ஜிமிக்கி செய்யக் கற்றுக்கொண்ட உங்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டாமா?

அதற்குத்தான் இந்தக் குறிப்பு. காரைக்கால் நகரத்திலும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திரு.பட்டினம் என்ற ஐந்து கொம்யூன்களிலும் மண் தோடு செய்கிறவர்கள், பட்டுநூல் வளையல் சுற்றுகிறவர்கள், பாசிமணி கோக்கிறவர்கள் வழக்கமாகச் செய்துவருவதையே படிப்படியாகத் தொகுத்திருக்கிறேன். ஒரு படியும் விடாமல் பின்பற்றினால் ஆறே மாதத்தில் தொழிலை இழுத்து மூடிவிடலாம்.

முதல் படி: விலை கேட்டதும் திடுக்கிடுங்கள்

ஜனவரி மாதம். கார்னிவல் கூட்டம். கடற்கரைப் பக்கம் ஒரு மேசை பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓர் அக்கா வந்து ஜிமிக்கியைக் கையில் எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார்.

"இது எவ்வளவும்மா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை நாள் உட்கார்ந்து செய்தீர்கள். இருந்தாலும் திடுக்கிட வேண்டும். பிறகு தரையைப் பார்த்தபடி, "நூத்தம்பதுக்கா... இல்ல, நூறு... நீங்க பாத்துக் குடுங்கக்கா" என்று சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் மூன்று விலை. அவர் பேரம் பேச வாய் திறக்கும் முன்பே அவர் பக்கப் பேரத்தையும் நீங்களே பேசி முடித்தாயிற்று.

"அறுபதுக்குத் தரியா?"

"எடுத்துக்கங்கக்கா."

விலை அட்டை எழுதி வைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அட்டையில் எண் இருந்தால் பாதிப் பேர் எதுவும் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அப்புறம் அறுபது ரூபாய்க்குக் கொடுக்கும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாம் படி: மண்ணுக்கு மட்டும் காசு போடுங்கள்

"வெறும் மண்ணுதானே!" என்று வாங்க வருகிறவர் சொல்வார். உடனே ஒப்புக்கொள்ளுங்கள். இதே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்பதை வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு ஜோடி ஜிமிக்கி எப்படி வருகிறது என்பதையும் சொல்லக் கூடாது. மண்ணைக் கல் போகச் சலித்து, பிசைந்து, உள்ளே காற்று நிற்காதபடி அடித்து, அச்சில் அழுத்திக் குடையாக்க வேண்டும். ஊசியால் துளை போட்டு, ஈர விரலால் ஓரத்தை நீவி, நிழலில் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். காய்ந்தது என்று நம்பிப் பழைய பூந்தொட்டியில் அடுக்கி, உமியும் அடுப்புக்கரியும் போட்டு மூட்டம் வைத்தால், எங்கோ உள்ளே தங்கிய துளி ஈரம் நீராவியாகி வெளியே வர வழி தேடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஒரு 'டொப்' கேட்டால் ஒரு தோடு போனது. அதன் ஜோடி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் செக்கச்செவேலென்று வெளியே வந்து நிற்கும். ஒற்றைத் தோடு வாங்க உலகத்தில் ஆள் கிடையாது.

சுட்டு எடுத்த பிறகு இரண்டு கோட்டு பெயின்ட், மெல்லிய தூரிகையில் புள்ளி, கோடு, அதற்கு மேல் வார்னிஷ், கடைசியில் வளையமும் கொக்கியும். இவ்வளவையும் "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்தது" என்று ஒரே வரியாக எழுதி, எதிரே பூஜ்யம் போட்டுவிடுங்கள். உடைந்தவற்றுக்கும் பூஜ்யம். கும்பகோணத்துக்குப் போய் மணியும் கொக்கியும் வாங்கி வந்த பஸ் காசுக்கும் பூஜ்யம். எப்படியும் கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்ததே!

மூன்றாம் படி: சொந்தபந்தத்துக்குத் தனி விலைப்பட்டியல்

நாத்தனார்: இலவசம். "எங்க அண்ணி கையால செஞ்சது" என்று கல்யாண வீட்டில் பத்துப் பேரிடம் காட்டுவார். அந்தப் பத்துப் பேரும் உங்களிடம் இலவசமாகக் கேட்பார்கள். இதற்கு விளம்பரம் என்று பெயர்.

பள்ளித் தோழி: பாதி விலை. அதையும் "அடுத்த மாசம் ஜிபே பண்றேன்டி" என்ற முறையில்.

அடுத்த வீட்டு லாத்தா: இலவசம். பெருநாளுக்குச் சட்டியோடு பிரியாணி கொடுத்து அனுப்புகிறவரிடம் எந்த முகத்தோடு காசு கேட்பது? பிரியாணியின் விலையைப் போட்டுப் பார்த்தால், இந்தப் பட்டியலிலேயே லாபத்தில் ஓடும் கணக்கு இது ஒன்றுதான்.

பாரிஸ் சித்தப்பா வீட்டார்: இவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் இந்த ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாலும், பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரெஞ்சு பென்ஷனும் உள்ள குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. ஆகஸ்ட் விடுமுறையில் வந்து இறங்கும் சித்தி உங்கள் ஜிமிக்கியைப் பார்த்ததும், "அய்யோ, அங்க இது பதினஞ்சு யூரோக்கு விக்கும்டி!" என்பார். உங்களுக்கு நெஞ்சு குளிரும். மனசுக்குள் பெருக்கல் வாய்ப்பாடு ஓடும். "ஃப்ரெண்ட்ஸுக்குக் குடுக்க ஒரு இருபது ஜோடி கட்டி வை" என்பார். கட்டிக் கொடுங்கள். பதிலுக்கு ஒரு சாக்லேட் டப்பாவும் கன்னத்தில் இரண்டு முத்தமும் கிடைக்கும். யூரோ அங்கேயே இருக்கும்.

நான்காம் படி: ஊர்ப் பெயரைக் காப்பாற்றுங்கள்

"காரைக்கால்னா விலை கம்மி" என்பது நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்கள் பலரின் நம்பிக்கை. அதில் உண்மையும் உண்டு. எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். வேறு எதையோ நிரப்பிக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். ஒரு காலத்தில் டிவி, ஃப்ரிட்ஜ் வாங்கவும் இங்கே வந்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலான சாமான்களுக்கு நாடு முழுக்க ஒரே வரி. பெட்ரோல், டீசல், குடிக்கும் மது ஆகியவை அந்த வளையத்துக்கு வெளியே இருப்பதால் அவற்றில் மட்டும் விலை வித்தியாசம் நிற்கிறது.

உங்கள் ஜிமிக்கி பெட்ரோலும் கிடையாது, பிராந்தியும் கிடையாது. மண்ணுக்கும் கொக்கிக்கும் நீங்கள் கொடுத்தது மற்ற ஊர்க்காரர்கள் கொடுக்கும் அதே விலைதான். இருந்தாலும், "என்னங்க, காரைக்கால்லயே இந்த வெலையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் ஊர் மானம் என்னாவது? அரசு விட்டுக்கொடுக்கும் வரியை அங்கே பெட்ரோல் பங்கில் விட்டுக்கொடுக்கிறது. நீங்கள் உங்கள் கூலியை இங்கே மேசையில் விட்டுக்கொடுங்கள்.

ஐந்தாம் படி: சனிக்கிழமைக் கூட்டத்தை நம்புங்கள்

திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலில் சனிக்கிழமைதோறும் கூட்டம். சனிப்பெயர்ச்சி வந்தால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 20 அன்று வந்த கூட்டத்தை ஊர் இன்னும் பேசுகிறது. இவ்வளவு பேரில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால்கூட என்று கணக்குப் போட்டு, ஒரு மூட்டை கருநீல மணி வாங்கிக் கோத்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் இடிக்கும். அங்கே வருகிறவர்கள் நளதீர்த்தத்தில் முழுகி, கட்டிவந்த துணியையே கரையில் விட்டுவிட்டுப் போகிற மனநிலையில் வருகிறவர்கள். இருப்பதைக் கழித்துவிட்டுப் போக வந்தவரிடம் புதிதாக ஒன்றை விற்கப் போகிறீர்கள். அவர் வாங்குவது எள்ளுப் பொட்டலமும் நல்லெண்ணெயும்தான். மிஞ்சிய நீலமணியை அடுத்த பெயர்ச்சிவரை வைத்திருங்கள், இரண்டரை வருடம்தானே!

ஆறாம் படி: மாங்கனி முறையில் விற்பனை

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முட்டி மோதிப் பிடிப்பார்கள். அதுவே நம் ஊரின் பெருமை. அதற்கும் உங்கள் கடைக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கிறீர்களா? "ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ", "இத வாங்கினா இந்த மோதிரம் சும்மா", "வந்ததுக்கு ஒரு கீசெயின்" என்று நீங்கள் இறைப்பதும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், மாம்பழத்தை இறைக்கிறவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கிறது.

இதே திருவிழாவின் கதையில் ஒரு வியாபாரப் பாடமும் இருக்கிறது. பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதி பரிமாறிய இரண்டாவது மாம்பழம் முதலாவதைவிட ருசியாக இருந்ததும், கணவர் பரமதத்தன் கேட்ட கேள்வி என்ன? இது எங்கிருந்து வந்தது என்பதுதான். வணிகர் அல்லவா! இன்றைக்கும் உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பவர் அதையேதான் கேட்பார்: "நெஜமா நீயே செஞ்சதா? இல்ல, மொத்தமா வாங்கி வெச்சிருக்கியா?" வெட்கப்பட்டுச் சிரித்து மழுப்பிவிடுங்கள். அச்சையும், பாதி வரைந்த ஜோடியையும், தூரிகையையும் மேசையில் வைத்திருந்து அங்கேயே ஒரு புள்ளி வைத்துக் காட்டினால் அவர் பேரம் பேசுவதை நிறுத்திவிடுவார். அதெல்லாம் எதற்கு?

ஏழாம் படி: எல்லை தாண்டும் முன் சட்டம் படியுங்கள்

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். நமக்கு அது பக்கத்து ஊர்; ஜிஎஸ்டி சட்டத்துக்கு அது வேறு மாநிலம். பையில் நான்கு ஜோடி ஜிமிக்கியோடு தர்கா பக்கம் போனால் நீங்கள் செய்வது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம். டெல்லிக்கு லாரி அனுப்புகிறவரும் நீங்களும் ஒரே வகுப்பு.

பயப்பட நிறைய இருக்கிறது; வாருங்கள், பயப்படலாம். தமிழ்நாட்டில் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் அந்த வரம்பு 20 லட்சம். ஒரு ஜோடி 160 ரூபாய் என்றால் 12,500 ஜோடி விற்க வேண்டும்; ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எதற்கும் லீவு போடாமல் நாளைக்கு 34 ஜோடி. அதற்குள் வரி அதிகாரி வந்து கதவைத் தட்டுவார் என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருங்கள்.

வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது விதி. கையால் செய்த கைவினைப் பொருளுக்கு மட்டும், வரம்புக்குள் இருக்கும்வரை, விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் கையால் செய்த செயற்கை நகையும் இருக்கிறது. ஏலக்காய் மாலைகூடப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பான் எண் வேண்டும். பொருளின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் போட வேண்டும். எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒற்றை ஜோடித் தோட்டுக்கும் பில். அதே விதியில் இன்னொரு வரி: மோட்டார் இல்லாத வண்டியில் கொண்டுபோனால் ஈ-வே பில் தேவையில்லை. ஆகவே நாகூருக்குச் சைக்கிளில் போங்கள். உடம்புக்கும் நல்லது.

எட்டாம் படி: கடைக்காரர் சொல்வதே சட்டம்

பாரதியார் வீதிப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் உங்கள் நகையை வைக்கக் கேட்கிறீர்கள். "வெச்சிட்டுப் போம்மா, வித்தா காசு, எனக்கு முப்பது பர்சென்ட்" என்பார் முதலாளி. சம்மதியுங்கள். எத்தனை ஜோடி கொடுத்தீர்கள் என்று எழுதி வாங்காதீர்கள். 160-க்கு 30 சதவீதம் போக உங்கள் கைக்கு 112 வரும். அதைச் செய்ய உங்களுக்கு எவ்வளவு ஆனது என்பது தெரிந்தால்தானே அது நஷ்டம்? தெரியாதவரை லாபம்.

ஒன்பதாம் படி: தீபாவளிக்கு ஐப்பசியில் ஆரம்பியுங்கள்

வருடத்தில் அதிகம் விற்பது தீபாவளிக்கு. அதே ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை இந்தக் கடற்கரையில் இறங்கும். காற்றிலேயே ஈரம் சொட்டும். மண் ஒரு வாரமானாலும் காயாது. அந்த நேரம் பார்த்து ஐம்பது ஜோடிக்கு ஆர்டர் எடுங்கள். மூட்டத்தில் 'டொப்' சத்தம் பட்டாசுக்கு முன்பே கேட்கும். ஆடி, ஆவணியின் வெயில் நாட்களிலேயே செய்து, சுட்டு, டப்பாவில் அடுக்கி, பெயின்ட் வேலையை மட்டும் மழைக்கு வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழிலில் சுவாரசியம் தெரியாது.

கொக்கியையும் இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய முலாம் பூசிய கம்பி உப்புக் காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும். சிலருக்குக் காதும் புண்ணாகும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிக்கு ஜோடிக்குச் சில ரூபாய் கூடுதல். அந்தச் சில ரூபாயை மிச்சப்படுத்தி, திரும்ப வரவிருந்த ஆளை இழந்துவிடலாம்.

இனிக் கேலி போதும். ஒரு நிஜக் கணக்கு.

பத்து ஜோடி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மண், பெயின்ட், வார்னிஷ், கொக்கி, மணி, கரி, அட்டை, கவர் எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 30 ரூபாய் வீதம் 300. பஸ், மேசை வாடகையில் பங்கு, போன் என்று 110. மண் பிசைவதிலிருந்து கொக்கி மாட்டுவது வரை கை வேலை மட்டும் மொத்தம் 15 மணி நேரம்.

இப்போது கூலி. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும், அரசாங்கமே கொடுத்திருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் புதுச்சேரியில் 2025-26-க்கு வைத்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. பதினைந்து மணி நேரத்துக்கு 630. ஆக மொத்தச் செலவு 1,040. மூட்டத்தில் இரண்டு ஜோடி போய்விடும் என்று வையுங்கள். விற்க மிஞ்சுவது எட்டு. 1,040-ஐ எட்டால் வகுத்தால் ஜோடிக்கு 130. இது அடக்க விலை. இதில் லாபம் ஒரு காசும் இல்லை. அடுத்த முறை மண்ணும் மணியும் வாங்க, விற்காமல் கிடப்பதைத் தாங்க, 20 சதவீதம் சேர்த்தால் 156. சில்லறைக்காக 160.

கடையில் 30 சதவீதம் கழிவுக்கு வைப்பதானால் கதை வேறு. 130 உங்கள் கைக்கு வரவே அங்கே விலை ஏறக்குறைய 186 இருக்க வேண்டும். உங்கள் மேசையில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்று இருந்தால் கடைக்காரர் இரண்டாம் முறை உங்கள் பொருளை வைக்க மாட்டார். ஆகவே கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே எல்லா இடத்திலும் 190 என்று வையுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் கூலியில் கை வைக்காதீர்கள். குறைந்த நேரத்தில் முடியும் வேறொரு வடிவம் செய்யுங்கள்.

அறுபது ரூபாய்க்கே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எட்டு ஜோடிக்கு 480 ரூபாய். பொருளுக்கும் பஸ்ஸுக்கும் போன 410-ஐக் கழித்தால் 70. பதினைந்து மணி நேரத்துக்கு எழுபது ரூபாய்; மணிக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு அந்தக் கூலி கொடுத்தால் ஊரே திரண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போயிருக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண் அதே கூலிக்கு வேலை செய்தால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுங்கள், 160 ரூபாய் அன்பளிப்பு என்று நோட்டில் எழுதிவிட்டுக் கொடுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். மற்றவர்களிடம் அட்டையில் உள்ள எண்ணை ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். நூறு நாள் வேலைக்கூலியைக்கூட உங்கள் கைக்குக் கொடுக்காத விலையில் எத்தனை ஜோடி விற்றாலும் அது வியாபாரம் ஆகாது.